மொய் நோட்டில் ஒரு ரூபாய் விடாதவர்கள்

வாசகர் கேள்வி பதில்

"கிராம சபைக்குப் போனீர்களா, போய் என்ன கேட்டீர்கள்?" என்று போன இதழில் இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன். இடம் மிச்சம் இருந்தது, அதனால் போட்டது. இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்துதான் அதிகம். என் ஊரும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்த உரிமையில் சிலர் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். பாதிப் பேருக்குப் போட்டு மீதிப் பேருக்கு மறைத்தால், மறைத்தது யார் என்று ஊரில் ஆராய்ச்சி தொடங்கிவிடும், நமக்குத் தெரியாததா. அதனால் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முதல் தடவையாகப் போனேன். எங்கள் ஊர் ஊருணியில் சாக்கடைத் தண்ணீர் விழுகிறது, கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அதைக் கேட்கத்தான் போனேன். மைக் என் பக்கம் வந்ததும் 'ஊருணிய ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க' என்பது மட்டும்தான் வாயில் வந்தது. 'பண்ணிருவோம்மா, உக்காருங்க' என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்?
— ஒரு வாசகி, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்

முதல் தடவையே எழுந்து நின்று மைக்கைப் பிடித்தீர்களே, அதற்கே ஊரில் பத்து நாள் பேச்சு ஓடியிருக்கும். நீங்கள் கேட்டது தப்பில்லை அக்கா. ஆனால் அது கேள்வி மாதிரி உடுத்திக்கொண்டு வந்த ஆதங்கம். ஆதங்கத்துக்கு ஆறுதல்தான் பதிலாக வரும். 'பண்ணிருவோம்மா' என்பது ஆறுதல்; அதில் தேதி கிடையாது, தொகை கிடையாது, யார் பண்ணுவார் என்பதும் கிடையாது.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். மொய் நோட்டில் ஒரு ரூபாய் விட்டுப் போகாது. இருபது வருஷத்துக்கு முந்தின நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, 'அவுக நமக்கு எவ்வளவு செஞ்சாக' என்று பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைப்போம். அந்தக் காலத்தில் பர்மா, மலாயா என்று கடை வைத்திருந்த வீடுகளில், அங்கே ஏஜெண்டாகப் போனவர் மூன்று வருஷக் கணக்கு முடிந்து திரும்பினால், பேரேட்டையும் ஐந்தொகையையும் விரித்து வைத்துக்கொண்டு முதலாளி வரி வரியாகப் பார்ப்பாராம். 'ஏம்ப்பா கடைய இப்படிப் போட்டு வச்சிருக்கே' என்று யாரும் ஆரம்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த வரவு யார் பேரில், இந்தச் செலவுக்குச் சீட்டு எங்கே, இந்தக் கடன் எப்போது திரும்பும். அவ்வளவுதான். எதிரே நிற்கிறவருக்கு வேர்த்துவிடும். இந்த வித்தை செட்டியார் வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைக்காதீர்கள். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடுகிற மீன்பாசி ஏலத்தில் போய் நின்று பாருங்கள், குத்தகை எத்தனை மாசம், தண்ணி வத்திட்டா யாரு பொறுப்பு, முன்பணம் எவ்வளவு என்று நம் ஆட்கள் கேட்கிற கேள்வியில் வக்கீல் தோற்றுப்போவார். அதே ஆட்கள்தான் கிராம சபையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறோம்.

சரி, ஊருணிக்கு வருவோம். முதலில் அது யாருடையது என்று கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள், பாதி விஷயம் இதில்தான் தொங்குகிறது. நம் பக்கத்து ஊருணிகளில் நகரத்தார் வெட்டி வைத்தவை உண்டு, கோயிலோடு சேர்ந்தவை உண்டு, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவை உண்டு. கண்மாய் என்றால் இன்னொரு கணக்கு: ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் ஆகிற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உரியவர் யார் என்று தெரியாமல் மைக்கில் கேட்டால் 'அது எங்க பொறுப்புல வராதும்மா' என்ற ஒரே வரியில் உங்கள் ஒரு வருஷ மனக்கஷ்டம் முடிந்துவிடும். ஊருணியின் புல எண்ணைத் தெரிந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் போய், எந்த நிலம் யார் பேரில் என்று எழுதி வைக்கிற 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பணம். மத்திய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வருகிற 15வது நிதிக்குழு மானியத்தில், 2021 முதல் 2026 வரைக்கும் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். 'அந்தப் பணத்தில் நம் ஊருக்கு வந்தது எவ்வளவு, கழிவுநீருக்குச் செலவானது எவ்வளவு' என்று கேட்டால் அதற்கு ஆறுதல் சொல்ல முடியாது, எண்தான் சொல்ல வேண்டும். இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தில் ஊராட்சி வாரியாகத் திட்டமும் செலவும் போட்டிருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் போனில் எடுத்துக் கொடுத்தால் போவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அதையும் விட முக்கியம், ஒரு சாயங்காலம் ஊருணியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, சாக்கடை எந்தத் தெரு முக்கில் திரும்பி உள்ளே விழுகிறது, கருவேலம் எந்தக் கரையில் அதிகம். கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் கேட்பதைத் தட்டிக்கழிப்பது சுலபமில்லை.

கேட்டு முடித்ததும், 'இதைத் தீர்மானத்துல எழுதுங்க, எழுதினதை ஒரு தடவை வாசிங்க' என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். வாசிக்கும் வரை நின்றாலும் சரிதான்.

இப்படி வளவளவென்று விளக்கிக்கொண்டிருப்பதை விட, கிராம சபையில் கேட்க வேண்டிய 25 கேள்விகள் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்களேன். ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்துவிடுகிறோம்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, மாட்டேன். மேலே அந்த அக்காவுக்கு நானே நாலு கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன் என்பது எனக்கும் தெரிகிறது. ஆசை யாரை விட்டது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். ஏழைக் குடும்பங்கள் அதிகம். பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் இருக்க அங்கே ஒரு திட்டம் நடந்தது. பெற்றோர் ஏன் பள்ளிக்கூடப் பக்கமே வருவதில்லை என்று விசாரித்தபோது, அவர்கள் சொன்ன காரணம் நேரமில்லை, அக்கறையில்லை என்பதல்ல, 'போய் என்ன கேட்பது என்றே தெரியவில்லை' என்பது. உடனே திட்டத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, நீங்கள் சொன்னதையேதான். கேள்விப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பெற்றோர் வாங்கிக்கொண்டு போனார்கள், கேட்டார்கள், அடுத்த தடவைக்கு இன்னொரு பட்டியல் வேண்டும் என்று திரும்பி வந்து நின்றார்கள். அப்போதுதான் உறைத்தது. அங்கே வேலை செய்த டேன் ரோத்ஸ்டைன், லூஸ் சாந்தானா இருவரும் பின்னால் அதற்கென்றே ஒரு நிறுவனம் நடத்தி, கேள்வியை உண்டாக்கக் கற்றுக்கொடுப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் முறை ரொம்ப எளிது, அதனால்தான் நமக்குக் கஷ்டம். ஒரு விஷயத்தை நடுவில் வைத்துவிட்டு, தோன்றுகிற கேள்வியையெல்லாம் எல்லோரும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் யாரும் பதில் சொல்லக் கூடாது, நல்ல கேள்வி என்று மெச்சவும் கூடாது, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சுளிக்கவும் கூடாது. எழுதுகிறவர் சொன்னவர் வாயில் வந்த சொல்லையே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. யாராவது புலம்பினால் அந்தப் புலம்பலைக் கேள்வியாகத் திருப்பச் சொல்ல வேண்டும். எல்லாம் வந்த பிறகு, ஆமாம் இல்லை என்று முடிகிறவை எவை, விளக்கிச் சொல்ல வேண்டியவை எவை என்று பிரித்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் மூன்றைப் பொறுக்குவது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவில் இதைச் செய்து பார்த்தேன். 'ஆறு மணிக்கு மேல் ஊருக்குப் பஸ் இல்லை', இதுதான் விஷயம். முதல் பத்து நிமிஷம் கேள்வியே வரவில்லை. எல்லோரும் பதில்தான் சொன்னார்கள்: டிரைவர் சரியில்லை, ரோடு சரியில்லை, அந்தக் கட்சி இருந்தபோது வந்தது, இந்தக் கட்சி வந்ததும் நின்றது. நானே இரண்டு தடவை வாய் திறந்து பதில் சொல்லி அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் மெதுவாக வரத் தொடங்கியது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, மூலையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா தலையைத் தூக்காமலே கேட்டார், 'அந்தப் பஸ்ஸு கிளம்புறதே இல்லையா, இல்ல முக்கு ரோடு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுதா?' யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேர் முக்கு ரோட்டில் போய் நின்று பார்த்தார்கள். பஸ் வந்தது, ஆள் இறங்கினதும் அங்கேயே திரும்பிப் போய்விட்டது. அதாவது 'பஸ் விடுங்கள்' என்று மனுப் போட வேண்டிய வேலையே இல்லை. விட்டிருக்கிற பஸ் எந்த ஊர் வரைக்கும் என்று எழுத்தில் இருக்கிறது, அதை மாற்றியது யார் என்று கேட்டால் போதும். இப்போது வாரத்தில் நாலு நாள் உள்ளே வருகிறது. மீதி மூன்று நாளுக்கு அந்தக் குழுவே கேள்வி தயாரித்துக்கொண்டிருக்கிறது, என்னைக் கூப்பிடவில்லை.

அந்த அம்மாவின் கேள்வி என் 25இல் இருந்திருக்காது ஐயா.

கிராம சபை செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும்? எங்கள் ஊரில் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள்.
— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கும் மேல் 300. ஏழு நாளைக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை மூன்றுக்கும் ஒப்புதல் தருவது இந்தச் சபைதான், போட்டோவுக்கு அல்ல.

இன்னொன்று, பலர் கேட்டிருந்தார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் மாவட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள் அல்லவா, தலைவர் இல்லாவிட்டால் சபை உண்டா என்று. உண்டு. அது தலைவரின் சபை இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருடைய சபை.

எங்கள் ஊரில் பாதிப் பேர் பங்காளி, மீதிப் பேர் சம்பந்தி. கணக்குக் கேட்டால் நாளைக்குக் காதுகுத்துக்கு வர மாட்டார்கள். கேட்பதா, உறவைக் காப்பாற்றுவதா?
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

நியாயமான பயம். பகையே வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கே வந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால், ஒரு சிமெண்டுச் சாலை விஷயமாகக் கூட்டத்தில் எழுந்து, 'எவ்வளவு அடிச்சீங்க?' என்று உறவினர் ஒருவரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். கைதட்டினார்கள். சாலைக் கணக்கு வரவில்லை, அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வரவில்லை. இரண்டும் போச்சு. இன்றைக்கு என்றால் 'சித்தப்பா, அந்தச் சாலை வேலையோட அளவுப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துக்கிறேன்' என்று கேட்டிருப்பேன். செய்த வேலையை அளந்து எழுதி வைக்கிற புத்தகம் அது. ஆளைக் கேட்டால் ஆளுக்கு ரோஷம் வரும், தாளைக் கேட்டால் தாளுக்கு என்ன வரப்போகிறது. இன்னொரு வழி, ஒருவராகப் போகாமல் ஐந்தாறு பேராகப் போய் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பது. அப்போது 'அவன்தான் கேட்டான்' என்று ஒருவர் தலையில் விழாது.

பங்காளி என்றதும் நினைவு வருகிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, பராந்தக சோழன் காலம், 919லும் 921லும் வெட்டியது. அதில் யார் யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று பெரிய பட்டியல் இருக்கிறது. வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது. அதோடு விடவில்லை, அவருடைய நெருங்கிய உறவுகளின் பெயரும் கூடாது. கணக்குக் கேட்டால் உறவு போகும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், கணக்குக் காட்டாவிட்டால் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போகும் என்று அவர்கள் வைத்திருந்தார்கள்!

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 'எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை? இது நியாயமா?' என்று கேட்டிருந்தேன். 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று பதில் வந்தது. சட்டமே ஏமாற்றா?
— ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

சட்டம் ஏமாற்று இல்லை தம்பி, ஆனால் உங்களுக்கு வந்த பதிலும் தப்பில்லை. அந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற தாளைக் கேட்டு வாங்குவதற்கானது. அலுவலர் உட்கார்ந்து யோசித்து உங்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'நியாயமா' என்பதற்கு எந்தக் கோப்பில் பதில் இருக்கும்?

ஆகவே 'ஏன்' என்பதைத் தாளாக மாற்றுங்கள். எங்கள் தெருச் சாலை குறித்து இந்த மூன்று ஆண்டுகளில் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல். தயாரித்த மதிப்பீடு இருந்தால் அதன் நகல். அதே காலத்தில் ஊராட்சியில் போட்ட சாலைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தொகை, ஒப்பந்ததாரர் பெயர். இது வந்தாலே உங்கள் 'ஏன்' தானாகத் தெரிந்துவிடும். ஒருவேளை தீர்மானமே போடவில்லை என்று பதில் வரும். அதுவும் பதில்தான், சொல்லப்போனால் அதுதான் பெரிய பதில்.

மனுவில் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரிக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே 90 நாளுக்குள் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அலுவலர் கையிலிருந்து அபராதம். பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தச் சட்டப்படி நடந்துகொண்டிருக்கிற வேலையை நேரில் பார்வையிடலாம், போடுகிற ஜல்லி, சிமெண்டில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் கேட்கலாம்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதுவும் ஒரு கணக்குப் புத்தகக் கதைதான். ராஜஸ்தான் கிராமங்களில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் கூலி குறைவாகக் கொடுத்தார்கள். 'கொடுத்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிற அந்த மஸ்டர் ரோலைக் காட்டு' என்று கேட்டார்கள் அந்த ஜனங்கள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு அங்கே போன அருணா ராய் அவர்களோடு இருந்தார். 1994இல் ஊர் நடுவே பந்தல் போட்டுக் கணக்கை உரக்க வாசிக்கத் தொடங்கினார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று வாசிக்க வாசிக்கக் கூட்டம் பதில் சொல்லியது. 1996இல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா. 'நம்ம பணம், நம்ம கணக்கு' என்பதுதான் கோஷம். தமிழ்நாடு 1997இலேயே இப்படி ஒரு சட்டம் போட்டது, நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு கூலிக்காரர் 'அந்த நோட்டைக் காட்டு' என்று கேட்டது.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கானாடுகாத்தானில் பூர்வீக வீடு, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வருவோம். வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஊர் விஷயத்தைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் உள்ளூர்ச் சபையில் உட்காரலாம், இல்லாவிட்டால் இல்லை. தகவல் உரிமை மனு இந்தியக் குடிமகன் யாரும் எங்கிருந்தும் போடலாம்; பாஸ்போர்ட் நிறம் மாறிவிட்டால் அதுவும் இல்லை. வீட்டு வரி மட்டும் எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் உண்டு. கடைசியாக எப்போது கட்டினீர்கள் அண்ணன்? ரசீது கையில் இருக்கிறதா? கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று செய்யலாம். ஊருணியோ கோயில் குளமோ உங்கள் முன்னோர் வெட்டியது என்றால், அது சம்பந்தமான பழைய ஆவணம் உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். அடுத்த தடவை வரும்போது அதைப் படம் எடுத்து ஊரில் இருக்கிற யாருக்காவது கொடுங்கள். கேட்கிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறார்கள். வீட்டில் கேட்டால் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்கிறார்கள். பிறகு எங்கேதான் கேட்பது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கல்லல்

கண்ணு, காரைக்குடிக்குப் பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த, பின்னால் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவானந்தத்துக்கு அப்போது இருபது வயசு இருக்கும். வருணாசிரமத்தைப் பற்றிக் காந்தி சொன்னதை ஏற்க முடியவில்லை. சும்மா முணுமுணுக்காமல் காந்திக்கே கடிதம் எழுதிக் கேட்டார். 1927இல் செட்டிநாட்டுப் பக்கம் வந்த காந்தி, இதை எழுதியது யார் என்று விசாரித்துச் சிராவயலுக்கே போய் அவரைப் பார்த்தார். அதிகப்பிரசங்கி என்று சொல்லவில்லை.

உனக்கு உதவுகிற மாதிரி ஒன்று: கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு, அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். அது எட்டாம் வகுப்பு வரைக்குமான சட்டம் என்றாலும் உன் தம்பி தங்கை படிக்கிற பள்ளியில் இருக்கும். உன் அம்மாவைக் கேள், அந்தக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது என்று. அம்மாவுக்குத் தெரியாவிட்டால் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

அப்புறம், நம் மொழியில் 'கேள்' என்றால் வினவு என்றும் அர்த்தம், காது கொடு என்றும் அர்த்தம். வீட்டில் பெரியவர்கள் 'சொன்னதைக் கேள்' என்னும்போது இரண்டாவதை மட்டும்தான் சொல்கிறார்கள். நீ இரண்டையும் செய்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கா கேட்கத் தெரியாது என்கிறீர்கள்?
— ஒரு வாசகர், காரைக்குடி

தெரியும் என்பதுதான் சிக்கலே. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்த ஊர், மறுக்க முடியுமா. ஆனால் அந்தப் பழக்கத்தில், நம்மவர்கள் கையில் மைக் வந்தால் கேள்வி ஆறு நிமிஷம் போகும். முன்னுரை, இரண்டு மேற்கோள், எதிர்க்கட்சிக்கு ஒரு குத்து, கடைசியில் 'இதற்கு என்ன பதில்?' எதற்கு என்ன பதில் என்று பதில் சொல்ல வேண்டியவருக்கே மறந்துபோயிருக்கும். அவருக்கு அது ரொம்ப வசதி. பட்டிமன்றத்தில் தீர்ப்பு நடுவருக்கு முன்பே தெரியும்; இங்கே பதில் நமக்குத் தெரியாது, தெரியாததால்தான் கேட்கிறோம். அடிகளாரும் மேடையோடு நிற்கவில்லை, கீழே இறங்கிக் குன்றக்குடியில் கிராமத் திட்டம் போட்டு வேலை பார்த்தார்.

காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு விசேஷச் செய்தியும் உண்டு. 2024இல் உங்கள் ஊர் மாநகராட்சி ஆனபோது சங்கராபுரம் மாதிரி ஊராட்சிகளும் உள்ளே வந்துவிட்டன. அங்கே இனிக் கிராம சபை கிடையாது, அதற்குப் பதிலாக வார்டுக்குள் பகுதி சபா. ஊராட்சியாக இருந்தபோது கேட்டுப் பழகியவர்கள், இப்போது உங்கள் பகுதி சபா எப்போது கூடுகிறது என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரியில்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேரன்தான் எழுதுறான். முதியோர் பென்சன் மூணு மாசமா வரல. பேங்க்குல கேட்டா தாலுகா ஆபீசுங்கிறாக, தாலுகா ஆபீசுல கேட்டா பேங்க்குங்கிறாக. எம் பென்சன நிறுத்திட்டாகளா, இல்ல வேற எங்கயும் போகுதா? நிறுத்திருந்தா யாரு கையெழுத்துப் போட்டு நிறுத்துனாக? அந்தக் காகிதத்த எனக்குக் காட்டுவாகளா?
— ஓர் அப்பத்தா, ஊர் எழுதவில்லை

காட்டித்தான் ஆக வேண்டும் அப்பத்தா. எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அலுவலரே உதவி செய்ய வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 'எழுதிக்கிட்டு வா' என்று திருப்பி அனுப்பக் கூடாது. உங்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை, வீட்டிலேயே எழுத்தர் இருக்கிறார்.

பேரனுக்கு: தம்பி, அப்பத்தா சொன்னதைத் திருத்தாமல் எழுதியிருக்கிறாய் பார், அப்படியே இருக்கட்டும். 'மரியாதைக்குரிய ஐயா, அடியேன்' என்றெல்லாம் சேர்த்துக் கெடுத்துவிடாதே. மேலே 'பொதுத் தகவல் அலுவலர், தனி வட்டாட்சியர் அலுவலகம், சமூகப் பாதுகாப்புத் திட்டம்' என்று போட்டு, உங்கள் வட்டத்தின் பெயர், தேதி, பென்சன் வருகிற வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எழுது. கடைசியில் 'நிறுத்திய உத்தரவின் நகல் வேண்டும்' என்று ஒரு வரி. பத்து ரூபாய் வில்லை ஒட்டி, அப்பத்தாவிடம் கைநாட்டு வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பு. தபால் ரசீதை மொய் நோட்டுக்குள் வைத்துவிடு, அங்கே வைத்தால்தான் நம் வீடுகளில் எதுவும் தொலையாது.